படம் முடிந்ததும் எல்லாரும் கிளம்பிவிடுகிறார்களா?

வணக்கம்ங்க. இந்த வாரக் கேள்வியை கோபிசெட்டிபாளையத்தில் இருந்து ஒரு நண்பர் அனுப்பியிருக்கிறார். அவர் படித்த பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு திரைப்படக் குழு நடத்துகிறார்கள். ஈரோட்டில் சின்ன அரங்கம், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு படம். "கூட்டம் வருதுங்க. ஆனா படம் முடிஞ்சதும் பாதிப்பேர் கிளம்பிடறாங்க. மீதிப்பேர் 'நல்ல படம்'னு சொல்லிட்டுப் பேசாம உட்கார்ந்திருக்காங்க. அடுத்த சீசனுக்கு என்ன படம் போடலாம், எப்படிப் பேச வைக்கலாம்?" என்று கேட்கிறார்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய அழைப்பிதழில் வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் இருக்கிறது. அதெல்லாம் முடிந்து படம் ஓடத் தொடங்கவே ஐந்தரை ஆகிவிடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் எட்டு மணி. கோபிக்கும் பவானிக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர் எப்படி உட்காருவார்? அவருக்கு ஆர்வம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று மணிக்குப் படத்தைப் போடுங்கள். பொன்னாடையை ஆண்டுவிழாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், கேட்கிற கேள்வி. விளக்கைப் போட்டவுடன் மைக்கைப் பிடித்து "படம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சுங்க" என்றுதான் பதில் வரும். அதற்கு மேல் சொல்ல அந்தக் கேள்வியில் இடமே இல்லை. ஒரே ஒரு காட்சியை எடுத்து, அந்த ஐந்து நிமிடத்தை மறுபடி ஓட்டிக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தையே எடுத்துக்கொள்வோம். 1988-ல் வந்தது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அதில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பேத்தி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பி வருவார். வேலை இன்னும் முடியவில்லை. அறை அறையாக நடக்கிறார், சுவரைத் தடவிப் பார்க்கிறார். பேச்சு இல்லை, இளையராஜாவின் இசைதான். அதற்குப் பிறகு படத்தில் அந்தத் தாத்தா அதிக நேரம் உயிரோடு இல்லை. இதை மறுபடி போட்டுவிட்டு, "தாத்தா எங்கெங்கே நிற்கிறார்? கேமரா அவருக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது? இங்கே வசனம் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள். பார்த்ததைச் சொல்ல யாருக்கும் பயம் இருக்காது. சினிமா படித்தவராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

உங்கள் அரங்கத்தில் இருப்பவர்களில் வீட்டுக் கடன் வாங்கியவர் எத்தனை பேர், ஒப்பந்தக்காரரோடு சண்டை போட்டவர் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தில் சிமெண்ட் மூட்டை திருட்டுத்தனமாக வெளியே போவதைப் பேத்தி சுதாவிடம் சொல்வது சித்தாள் மங்கம்மா. அந்த இடத்தைத் தொட்டால் போதும், உங்கள் சிவில் இன்ஜினியர்களே மைக்கை விடமாட்டார்கள்.

முன்னாள் மாணவர் குழுவுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 1985-ல் படித்து முடித்த அண்ணன் பேசிவிட்டால், 2019-ல் முடித்த தங்கச்சி வாயைத் திறப்பதில்லை. மரியாதைதான், ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. அதனால் கடைசியாகப் படித்து முடித்தவர் முதலில் பேசட்டும், மூத்தவர்கள் பிறகு பேசட்டும். இதை அன்றைக்கு மேடையில் அறிவிக்காமல் முன்கூட்டியே பெரியவர்களிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, என்ன படம் போடலாம்? ஆறு நல்ல படங்களைத் தனித்தனியாகப் பொறுக்கி வைத்தால் அது சீசன் ஆகாது. ஒரு படம் அடுத்த படத்தோடு பேச வேண்டும். அதற்கு நம் ஊரிலேயே ஒரு அருமையான ஜோடி இருக்கிறது. நாமக்கல் கவிஞர் எழுதிய நாவல் 'மலைக்கள்ளன்'. அதை 1954-ல் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு எம்.ஜி.ஆர்., பானுமதியை வைத்துப் படமாக்கினார். வசனம் கருணாநிதி. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய தமிழ்ப் படம் அது. அதே நாயுடு, அடுத்த ஆண்டே அதே கதையை திலீப் குமார், மீனா குமாரியோடு 'ஆசாத்' என்று இந்தியில் எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்த மாதங்களில் போடுங்கள். ஒரே கதை, ஒரே இயக்குநர். நாயகன் மாறியதும் படத்தின் குணம் எப்படி மாறுகிறது என்பதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். கோவையில் இருந்து இந்திக்குப் படம் போனது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. எனக்கு அது பெரிய ஆதங்கம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' மூன்றாவதாக வரலாம். 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். கடைசியில் 'வீடு'.

அனுமதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்துக்கு உரிமை, வெளியான அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்து 60 ஆண்டுகள். அந்தக் கணக்கில் முதல் மூன்று படங்களுக்கும் காலம் முடிந்துவிட்டது. 'வீடு' அப்படி இல்லை. உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கல்வி நிறுவனத்துக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், அதன் செயல்பாடுகளோடு தொடர்புள்ளவர்கள் பார்ப்பதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. வெளியே அரங்கம் எடுத்து நடத்தும்போது அதை நம்பி இறங்காதீர்கள். ஓடிடி சந்தா வீட்டில் பார்ப்பதற்கானது. அதை அரங்கத்தில் திரையிட வேண்டாம்.

எப்போது தொடங்குவது? வைகாசியிலும் ஆவணியிலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் பாதிப்பேர் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை. முதல் படத்தை அப்போது போட்டுவிட்டு, மற்ற தேதிகளை முகூர்த்த நாள் பார்த்துக் குறியுங்கள்.