அழுகியது எட்டு அங்குலம்

நடுவர் ஐயா அவர்களே, ஹட்டன் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வெள்ளைக்காரன் காலத்து வீட்டின் வாசல் கதவு கெட்டுப்போனால், சல்லி குறைவாக உள்ளவர் புதுக்கதவு போடுவதா, பழையதைத் திருத்துவதா? இதுதான் தலைப்பு. திருத்துங்கள் என்கிறது எங்கள் அணி.

எதிரணி நண்பர் கடையில் விசாரித்த விலையைச் சொன்னார். சரி, அது கதவுக்கு மட்டும்தானே? கதவைத் தாங்கும் பழைய நிலைச் சட்டம் எந்தக் கடை அளவுக்கும் அடங்காது. மலிவுக் கதவைத் தட்டிப் பாருங்கள், பெட்டிச் சத்தம் வரும். உள்ளே கடதாசிக் கூடு. ஓரச் சட்டமும் மெல்லியது, நிலைக்கு ஏற்றபடி அதிகம் சீவ முடியாது. உள் அறைக்குச் செய்ததை நம் மூடுபனியில் வாசலில் நிறுத்தினால் ஊறி உப்பிவிடும். நிலையை மாற்றலாம் என்கிறீர்களா? கல்லும் சுண்ணாம்பும் வைத்த சுவரில் அதைப் பெயர்த்தால், கதவு பாஸோடு மேசன் பாஸுக்கும் சம்பளம் எடுத்து வையுங்கள்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். தென்மேல் பருவப்பெயர்ச்சி மழையில் கதவு இறுகிவிட்டது. தோளால் இடித்துத்தான் திறப்போம். ஆடி மாதமே ஒருவரைக் கூப்பிட்டுச் சீவினோம். முட்டாள்தனம்! மாசியில் மரம் காய்ந்து சுருங்கியது. இடுக்கு வழியே பக்கத்து வீட்டு நாய் எங்களைப் பார்த்தது.

பிறகு வந்த வயதான பாஸ் சீவுளியை எடுக்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து கதவின் அடிச்சட்டத்தை விரலால் அழுத்தினார். ஊறிய ரஸ்க் போல விரல் உள்ளே போனது. "மேலே ஒன்றும் இல்லை தம்பி, அடியில் எட்டு அங்குலம்தான்" என்றார். கதவைக் கழற்றிப் படுக்க வைத்து, அழுகியதை அறுத்து, மரக்காலையில் வாங்கிய காய்ந்த பலாத் துண்டை அரைக்கு அரை, அதாவது இரண்டு மரத்திலும் பாதித் தடிப்பை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார். தளர்ந்த பிணைச்சலுக்கு நீளத் திருகாணி முடுக்கினார். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்று, உலரத் தேய்க்க விடாமல் நனைத்துச் சுரண்டச் சொன்னார். வேலை இரண்டு நாள். அந்த எட்டு அங்குலத்துக்காக ஏழடிக் கதவை விறகாக்கச் சொல்கிறார் எதிரணித் தலைவர்!

கறையான் முழுதாகத் தின்ற கதவு என்றால் நானும் விட்டுவிடுவேன். அப்போதும், இடித்த வீட்டுக் கதவு ஒன்றைத் தேடுங்கள். நிலையை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள். பெரிதைச் சீவலாம், சிறிதை என்ன செய்ய?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடிக்கிறேன். எங்கள் கதவின் அடி விளிம்பில் பெயின்ட்டே பட்டதில்லை, தண்ணீர் ஏறியது அந்த வழியாகத்தான். தீர்ப்பு எப்படியும் வரட்டும், இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் கதவுக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.