மியூனிக்கிலிருந்து வெனிசுக்குக் காரில்: நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி சேலத்திலிருந்து ஒரு நேயர் கேட்டது. "அப்பா, அம்மாவோடு நாலு பேர் ஜூலை மாதம் ஜெர்மனி வருகிறோம். மியூனிக்கில் வாடகைக் கார் எடுத்து ஆஸ்திரியா வழியாக வெனிஸ் போய்த் திரும்ப ஆசை. மேப்பில் ஆறு மணி நேரம் காட்டுகிறது. ஒரே நாளில் போய்விடலாமா? டோல், பர்மிட்டெல்லாம் என்ன?" இதுதான் கேள்வி.

போகலாம். ஆனால் அந்த ஆறு மணி நேரத்தை நம்பி ஹோட்டல் புக் செய்யாதீர்கள். தூரம் சுமார் 550 கிலோமீட்டர், சாலையும் பிரமாதமான சாலை. ஆனால் இந்தப் பயணத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது கிலோமீட்டர் இல்லை, ஆஸ்திரியா-இத்தாலி எல்லையில் இருக்கிற பிரென்னர் கணவாயை என்றைக்கு, எத்தனை மணிக்குத் தாண்டுகிறீர்கள் என்பதுதான். ஜூலை, ஆகஸ்டில் சனிக்கிழமை காலை கிளம்பினால் பாதி ஜெர்மனி உங்களோடு இத்தாலிக்கு வரும். போதாக்குறைக்கு, பிரென்னருக்குக் கொஞ்சம் முன்னால் லூக் பாலம் என்று ஒரு பழைய பாலம் இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் அதில் பல நாட்களில் ஒரு திசைக்கு ஒரு லேன்தான். கூட்டம் அதிகம் எதிர்பார்க்கும் நாட்களில் இரண்டு லேன் திறப்பார்கள். பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டுகிறார்கள், அந்த வேலை 2030 வரை போகும் என்பது திட்டம். நெரிசலைப் பார்த்துவிட்டு ஊர்களுக்குள் புகுந்து போய்விடலாம் என்றும் நினைக்காதீர்கள். கோடைக்கால வார இறுதிகளில் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் அந்த உள்சாலைகளில் வெளியூர் வண்டிகளைத் தடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். அதனால் செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள், காலை ஆறு மணிக்கு முன்னால் மியூனிக்கை விட்டுக் கிளம்பிவிடுங்கள். என் யோசனையில் இதைவிட முக்கியமான திட்டமிடல் வேறு எதுவும் இல்லை.

வயதானவர்கள் கூட இருப்பதால் நானாக இருந்தால் ஒரே நாளில் ஓட்ட மாட்டேன். போல்சானோவிலோ ட்ரென்டோவிலோ ஒரு இரவு தங்கிவிடலாம். இரண்டுமே இத்தாலிக்குள் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்கள்.

இப்போது டோலுக்கு வருவோம். மூன்று நாட்டுக்கும் மூன்று விதம். ஜெர்மனியில் காருக்கு டோலே கிடையாது. ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலையில் ஓட்ட வின்யெட் என்ற அனுமதி ஒன்று வாங்க வேண்டும், இத்தனை நாளைக்கு இவ்வளவு என்று கட்டணம். 2025 விலைப்படி ஒரு நாளைக்கு 9.30 யூரோ, பத்து நாளைக்கு 12.40 யூரோ. போகவர இரண்டு தடவையும் ஆஸ்திரிய நெடுஞ்சாலையில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பத்து நாள் வாங்குவதுதான் லாபம். டிஜிட்டல் வின்யெட் வண்டி நம்பரோடு சேர்ந்தது, வாடகை வண்டியின் நம்பரோ சாவியைக் கையில் வாங்கும்போதுதான் தெரியும். அதனால் சேலத்தில் உட்கார்ந்து வாங்கிவைக்க முடியாது. எல்லைக்கு முன்னால் இருக்கிற பெட்ரோல் பங்க்கில் வாங்கிக்கொள்ளலாம். இல்லாமல் மாட்டினால் அபராதம் 100 யூரோவைத் தாண்டும்.

வின்யெட் இருந்தாலும் இன்ஸ்பிரக்கிலிருந்து பிரென்னர் வரைக்கும் தனி டோல் உண்டு, சுமார் 12 யூரோ. அந்தக் காசுக்குத்தான் ஐரோப்பா பாலத்தின் மேல் போகிறீர்கள். 1963ல் திறந்தது, பள்ளத்தாக்கிலிருந்து கிட்டத்தட்ட 190 மீட்டர் உயரம். ஓட்டுகிறவர் மட்டும் கீழே எட்டிப் பார்க்க வேண்டாம். டிரோலில் பல இடங்களில் காற்று மாசுக்காக 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்ற போர்டு இருக்கும். சாலை காலியாக இருக்கிறதே என்று 130ல் அழுத்தாதீர்கள், கேமரா இருக்கும்.

இத்தாலிக்குள் போனதும் கொஞ்ச தூரத்தில் ஒரு டோல் பிளாசா வரும். நம் ஆட்கள் தடுமாறுவது அங்கேதான். அங்கே பணம் கட்டுவதில்லை, சீட்டு எடுக்க வேண்டும். மெஷின் பக்கத்தில் வண்டியை நன்றாக ஒட்டி நிறுத்துங்கள், பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், தடுப்பு தூக்கும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வெனிஸ் பக்கம் வெளியே வரும்போது அதைப் போட்டால்தான் எங்கே ஏறினீர்கள் என்று பார்த்துக் கணக்குப் போடும். தொலைத்துவிட்டால் ரொம்பத் தொலைவான இடத்திலிருந்து வந்ததாக வைத்துத் தொகை கேட்பார்கள்.

வெளியேறும் இடத்தில் மஞ்சள் நிறத்தில் டெலிபாஸ் என்று போட்ட லேன் இருக்கும். அது நம்ம ஊர் ஃபாஸ்டேக் மாதிரி, உங்கள் வண்டியில் அந்தக் கருவி இல்லாவிட்டால் அதற்குள் போகாதீர்கள். நீலம் கார்டுக்கு, வெள்ளை ரொக்கத்துக்கு. தவறான லேனில் மாட்டிக்கொண்டாலும், மெஷின் கார்டை எடுக்காவிட்டாலும், தயவுசெய்து ரிவர்ஸ் எடுக்காதீர்கள். டோல் பிளாசாவில் பின்னால் வருவது அங்கே பெரிய குற்றம். உதவிக்கு ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். பணம் கட்டப்படவில்லை என்று ஒரு ரசீது அடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 15 நாளுக்குள் ஆன்லைனில் கட்டிவிடலாம்.

பெட்ரோல் பற்றி ஒன்று. ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் போட்டால் பெரும்பாலும் மற்ற இரண்டு நாட்டையும்விட மலிவு. இத்தாலியில் ஒரே பங்க்கில் இரண்டு விலை இருக்கும், ஆள் வந்து போட்டால் அதிகம், நீங்களே போட்டுக்கொண்டால் குறைவு. அங்கே 'பென்சினா' என்றால் பெட்ரோல், 'காசோலியோ' என்றால் டீசல்.

அப்புறம் வாடகைக் கார். மியூனிக்கில் எடுத்து வெனிசில் விட்டால் அதற்கென்று தனியாக ஒரு தொகை போடுவார்கள், சில சமயம் வாடகையையே மிஞ்சும். நீங்கள் திரும்பி வருவதால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் இத்தாலிக்குள் போகிறோம் என்று புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். விலை உயர்ந்த மாடல்களைச் சில நிறுவனங்கள் இத்தாலிக்கு விடுவதில்லை. இந்திய லைசென்சோடு ஆர்டிஓவில் வாங்கும் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் கையில் இருக்க வேண்டும். பெர்மிட் மட்டும் தனியாகச் செல்லாது.

வழியில் வெரோனா மாதிரி ஊரில் இறங்கினால், வண்டியை வெளியே நிறுத்திவிட்டுப் பழைய நகரத்துக்கு நடந்து போங்கள். அங்கெல்லாம் 'இசட்டிஎல்' என்று ஊர்க்காரர்களின் வண்டிகளுக்கு மட்டுமான பகுதிகள் உண்டு. தடுப்பு எதுவும் இருக்காது, ஒரு போர்டும் கேமராவும்தான். தெரியாமல் உள்ளே போய்விட்டால், முதலில் உங்கள் விவரத்தை அந்த ஊர் அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் ஒரு கட்டணம் எடுக்கும். அபராத நோட்டீஸ் பிறகு வரும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அதை அனுப்ப அந்த அதிகாரிகளுக்கு 360 நாள் அவகாசம் இருக்கிறது.

வெனிசுக்குள் கார் போகாது, அது தெரிந்திருக்கும். பாலம் தாண்டி பியாட்சாலே ரோமாவிலோ ட்ரோன்கெட்டோவிலோ நிறுத்தலாம், ஆனால் விலை கடிக்கும். நான் சொல்வது பாலத்துக்கு இந்தப் பக்கமே இருக்கிற மெஸ்த்ரேயில் ரூம் போட்டு, அங்கேயே வண்டியை விட்டுவிட்டு, ரயிலில் போய்வருவது. பத்து நிமிஷம்தான்.

திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள் என்பது என் கட்சி. மெஸ்த்ரேயிலிருந்து பெல்லூனோ, கோர்டினா, டோபியாக்கோ வழியாக மேலே ஏறுங்கள். கோர்டினாவுக்கும் டோபியாக்கோவுக்கும் நடுவில் சாலையோரத்திலேயே ஒரு இடத்தில் நின்றால் மூன்று பாறைக் கோபுரமாக நிற்கும் ட்ரே சிமே தெரியும், மலை ஏற வேண்டிய அவசியமே இல்லை, அப்பா அம்மாவுக்கு அதுவே போதும். அங்கிருந்து லியன்ஸ், ஃபெல்பர்டவர்ன் சுரங்கம், கிட்ஸ்பியூல் என்று வந்து 'கூஃப்ஸ்டைன் தெற்கு' என்ற இடத்தில் நெடுஞ்சாலையில் சேரலாம். சுரங்கத்துக்கு மட்டும் தனிக் கட்டணம். கூஃப்ஸ்டைன் தெற்கிலிருந்து ஜெர்மன் எல்லை வரை 2019 டிசம்பர் முதல் வின்யெட் தேவையில்லை. ஆக, இந்த வழியில் வந்தால் போகும்போது ஒரு நாள் வின்யெட்டே போதும், பிரென்னர் நெரிசலும் இல்லை. வளைவுகள் உண்டு, நேரமும் பிடிக்கும், அதனால் லியன்சில் ஒரு இரவு தங்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மலைப்பாதையில் தலைசுற்றல் வரும் என்றால் மட்டும் பிரென்னர் வழியே திரும்புங்கள், அப்போது அந்தப் பத்து நாள் வின்யெட்.

கடைசியாக, ஷெங்கன் விசா இருக்கிறதே, எல்லையில் யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிடாதீர்கள். ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் நுழையும் இடத்தில் 2015 முதலே சோதனை நடக்கிறது. வண்டியை மெதுவாக விடச் சொல்லி உள்ளே பார்ப்பார்கள், சில சமயம் ஓரம் கட்டச் சொல்வார்கள். அதனால் நாலு பாஸ்போர்ட்டும் டிக்கியில் பெட்டிக்கு அடியில் இருக்க வேண்டாம், அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.