விரல் மரத்துப்போச்சு, ஆனா நரம்பு டெஸ்ட் நார்மல்! ரெண்டுமே நிஜமா?

காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போய் கையில கரண்ட் வச்சுப் பார்த்தாச்சு. ரிப்போர்ட்ல 'உணர்வு நரம்பு நார்மல்'. நடுவிரலோ மரத்தபடியே கிடக்கு. மெஷினைத் திட்டாதீங்க ஆச்சி! கோளாறு கழுத்துல இருக்குங்கறதுக்கு அந்த நார்மலே ஒரு துப்பு.

கழுத்தெலும்பு ஏழு, நரம்பு வேர் (தண்டுவடத்துல இருந்து நரம்பு கிளம்பற இடம்) எட்டு ஜோடி. எலும்புகளுக்கு நடுவுல இருக்கற ஜவ்வு பிதுங்கியோ எலும்பு முள் வளர்ந்தோ வேரை நசுக்கும். அதிகம் மாட்டறது ஏழாவது வேர். அவ்வளவுதான் பாடம்.

[திரையில்: கை, ஒட்டுப்பட்டைகள்]

டெஸ்ட்டோட முதல் பாதி, என்சிவி, அதாவது நரம்புல சிக்னல் ஓடற வேகத்தைப் பார்க்கறது. தோல்மேல பட்டை ஒட்டி, சின்னச் சின்ன ஷாக் குடுப்பாங்க. கை நரம்புல சிக்னல் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல ஓடணும், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர்!

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. தெருவுல ஈ.பி. லைன் அறுந்துபோச்சு. உள்ள ப்ளக்ல டெஸ்டர் வச்சா எரியுமா? எரியும்! உணர்வு நரம்போட உயிரணு இருக்கறது தண்டுவடத்துக்கு வெளியில, வேர்முடிச்சுல. அதுதான் இன்வெர்ட்டர். நசுங்கறது பெரும்பாலும் அதுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவுல. அதனால கையில இருக்கற கம்பி சாகல, டெஸ்ட் நார்மல். சேதி மட்டும் மூளைக்குப் போகல, அதான் மரத்துப்போகுது. மணிக்கட்டுல நசுங்கியிருந்தா பெரும்பாலும் இந்த டெஸ்ட்லயே தெரிஞ்சுடும்.

தசைக்குப் போற நரம்புக்கு இந்த வசதி இல்ல. அதோட உயிரணு தண்டுவடத்துக்குள்ளயே. வேர்ல இழை அறுந்தா தசை அநாதை. அதைப் பிடிக்கத்தான் ரெண்டாவது பாதி, ஊசி டெஸ்ட், இஎம்ஜி. பயப்படாதீங்க, ஊசியில கரண்ட் வராது, அது கேட்க மட்டும்தான் செய்யும். ஓய்வா இருக்கற தசை சத்தமே போடக்கூடாது. நரம்பு அறுந்த தசை மெஷின் ஸ்பீக்கர்ல தானா டிக் டிக்குங்கும்.

ஒரு தசை போதாது. முழங்கையை நீட்டற தசையும் மணிக்கட்டை மடக்கற தசையும் வேற வேற நரம்பு, ஆனா ரெண்டுக்கும் ஏழாவது வேர். ரெண்டும் கெட்டிருந்தா குற்றவாளி வேர்தான். கழுத்துப் பின்தசையையும் சேர்த்து ஆறு தசையாவது குத்திப் பார்க்கறது நல்லது.

எங்க சொதப்பும்? வலி வந்த மறுவாரமே ஓடினா. கைத்தசையில அந்த டிக் டிக் வர ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுக்கு முன்னாடி போனா பொய் நார்மல். அடுத்து ஏ.சி. தோல் 32 டிகிரிக்குக் கீழே போனா, ஒவ்வொரு டிகிரிக்கும் வேகம் நொடிக்கு ரெண்டு மீட்டர் அளவுக்குக் குறையும், நல்ல நரம்பும் நோயாளியாயிடும். கை சில்லுனு இருந்தா சூடு பண்ணச் சொல்லுங்க.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலா? டெஸ்ட் அன்னைக்கு வேண்டாம், பட்டை ஒட்டாது. வளையல், மோதிரம் கழட்டிடுங்க (ஆச்சி, பத்திரமா யார்கிட்டயாவது குடுங்க). ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, பேஸ்மேக்கர் இருந்தா முன்னாடியே சொல்லணும். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

ஊசியும் நார்மல்னா? உணர்வு இழை மட்டும் நசுங்கியிருந்தா ஊசிக்குத் தெரியாது. கழுத்து தப்பிச்சிடுச்சுன்னு அர்த்தமில்ல.

ரிப்போர்ட்டை எடுங்க. தசைப் பேர் பட்டியலே இல்லேன்னா பாதி டெஸ்ட்தான் நடந்திருக்கு, ஏன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. எத்தனை தசைன்னு கமெண்ட்ல போடுங்க. பேரு, போன் நம்பர் வேண்டாம்ங்க!