சனியன்: திட்டும் அதுதான், கெட்ட நேரமும் அதுதான்

[திரையில்: தாராவி, 90 அடி ரோடு, காலை நேரம்]

வணக்கம். தாராவியில காலையில ஒரு நடை போய்ட்டு வந்தா இந்தச் சொல் எப்படியும் காதுல விழுந்துடும். ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரை உதைச்சுக்கிட்டே ஒருத்தர், "சனியன், இன்னைக்குன்னு பார்த்து மக்கர் பண்ணுது"ன்னு சொல்றாரு. பக்கத்துச் சந்துல ஒரு அம்மா பையன் பின்னாடி ஓடுறாங்க: "டேய் சனியனே, டிபன் டப்பாவை எடுத்துட்டுப் போடா!" சனிக்கிழமை சாயங்காலம் அதே அம்மா எள் விளக்கு ஏத்தி, "சனீஸ்வரா, எம் புள்ளைய காப்பாத்துப்பா"ன்னு கும்பிடுறாங்க.

வண்டிக்கும் அதே பேரு, பெத்த பிள்ளைக்கும் அதே பேரு, சாமிக்கும் அதே பேரு. இது எப்படி ஒண்ணா வந்துச்சுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

முதல்ல இலக்கணத்தைக் கவனிங்க. கோயில் அறிவிப்புல "சனி பகவான் பெயர்ச்சி ஆகிறார்"னு மரியாதையா இருக்கும். வீட்டுக்குள்ள வந்தா, "அந்தச் சனியன் எங்க போய்த் தொலைஞ்சுது?" சனியன்னு 'ன்'ல முடியுது, ஆண்பால் மாதிரி இருக்கு. ஆனா கூட வர்ற வினை பெரும்பாலும் அஃறிணைதான்: வந்துச்சு, போச்சு, தொலைஞ்சுது. பொண்ணைத் திட்டினாலும் சனியன்தான், தனியா ஒரு பெண்பால் வடிவம் கிடையாது. ஆளை உயர்திணையிலேர்ந்து இறக்கி விடுறதுதான் இந்தத் திட்டோட வேலை. அதனாலதான் அது அவ்வளவு சுருக்குன்னு தைக்குது.

[திரையில்: சூரியனைச் சுற்றும் கோள்களின் வரைபடம்]

சரி, இந்தக் கோளுக்கு ஏன் இவ்வளவு கெட்ட பேரு? காரணம் அதோட வேகம். வெறுங்கண்ணால சுலபமா பார்க்க முடியற கோள்கள்ல ரொம்ப மெதுவா நகர்றது சனி. சூரியனை ஒரு சுற்று சுத்தி வர ஏறக்குறைய 29½ வருஷம் ஆகும். சந்திரன் வானத்தை ஒரு மாசத்துக்குள்ள சுத்திடும், வியாழனுக்கு 12 வருஷம். மும்பையில ஃபாஸ்ட் லோக்கல் ரயில் எல்லாம் பறக்கும்போது எல்லா ஸ்டாப்லயும் நின்னு நின்னு வர்ற ஸ்லோ லோக்கல்தான் சனி. வடமொழியில 'சனைச்சரன்'னா மெதுவாப் போறவன்னுதான் அர்த்தம். நம்ம காதுக்கு அது 'சனி ஈஸ்வரன்' மாதிரி கேட்டுச்சு, சனீஸ்வரன்னு நிலைச்சுது. 'மந்தன்'னு இன்னொரு பேரும் இதையேதான் சொல்லுது.

அந்த 29½ வருஷத்தை 12 ராசிக்குப் பங்கு போட்டா ஒரு ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை வருஷம். நம்ம ராசிக்கு முந்தின ராசி, நம்ம ராசி, அடுத்த ராசி, இந்த மூணையும் சனி கடக்க ஏழரை வருஷம். ஏழரைச் சனிங்கிறது இந்தப் பெருக்கல்தான். முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி, மூணாவது மரணச் சனி. ஒரு மனுஷ ஆயுசுக்கு ரெண்டு மூணு சுற்றுதான் வரும்கிறதால, வாழ்க்கையையே அதை வச்சு அளந்திருக்காங்க.

அந்த ஏழரை பேச்சுல தனியாவே நடக்க ஆரம்பிச்சிடுச்சு. "காலங்காத்தால ஏழரைய கூட்டாத"ன்னு சொல்றவங்க ஜாதகத்தை நினைச்சா சொல்றாங்க? வம்புன்னுதான் அர்த்தம். மும்பையில இது இன்னும் அழகா இருக்கு. மராத்தியில கெட்ட காலத்துக்கு 'சாடே சாத்தி'ன்னு சொல்வாங்க, அதுவும் ஏழரைதான். நமக்கு ஏழரை 'பிடிக்கும்', அவங்களுக்குப் 'பின்னாடியே வரும்'. குஜராத்தி அக்கம்பக்கத்துல கேட்டா 'பனௌதி'ம்பாங்க. அதுலயும் சின்னது ரெண்டரை வருஷம், பெரியது ஏழரை வருஷம். 2023 நவம்பர்ல உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதியில இந்தியா தோத்தப்போ இந்தியா முழுக்கப் பரவினது இந்தச் சொல்தான். இப்போ எங்க ஏரியாப் பசங்க தமிழ் பேசும்போதே, "நீ மேட்ச் பாக்காத, பனௌதி"ங்கிறாங்க.

[திரையில்: டாக்சியின் முன்னால் தொங்கும் எலுமிச்சையும் பச்சை மிளகாயும்]

சனிக்கிழமைன்னா இந்த ஊர்ல கடை வாசல்லயும் டாக்சியிலயும் புது எலுமிச்சை மிளகாய்ச் சரம் தொங்கும். மகாராஷ்டிரத்துல சனி சிங்கணாப்பூர் இருக்கு. அங்க சனி கூரையில்லாம வெட்டவெளியில நிக்கிற கருங்கல். ஊர்ல வீடுகளுக்குக் கதவு வைக்கிற வழக்கம் இல்லைங்கிறதால அந்த ஊர் பேர் வாங்கிச்சு. பெண்கள் அந்த மேடையில ஏறக் கூடாதுன்னு இருந்த தடை 2016-ல நீங்குச்சு. நம்ம பக்கம் காரைக்கால் கிட்ட திருநள்ளாறு. நளனை விட்டு சனி விலகின இடம்னு சொல்லி, பெயர்ச்சி சமயத்துல மும்பையிலேர்ந்தும் ரயிலேறிப் போறவங்க உண்டு.

இந்தப் பயம் ரொம்பப் பழசு. புறநானூறு 117-ஆம் பாட்டுல கபிலர் பாரியோட நாட்டைச் சொல்றார்: மைம்மீன் புகைஞ்சாலும், தூமம், அதாவது வால்மீன், தோன்றினாலும், வெள்ளி தெற்கே ஓடினாலும் அங்க மழை பொய்க்காது. மைம்மீன்னா கருப்பு மீன், அதாவது சனி. சிலப்பதிகாரம் இதையே காவிரிக்குச் சொல்லும்போது 'கரியவன்'னு சொல்லுது. ரெண்டு இடத்துலயும் எனக்குப் பிடிச்சது ஒண்ணுதான்: சனியைக் கெட்ட குறின்னு ஒத்துக்கிட்டு, அதையும் மீறி நிக்கிற நாட்டையும் ஆத்தையும் பாடுறாங்க.

பேச்சுக்கு வருவோம். யோசிக்காம வாயை விட்டு மாட்டிக்கிட்டா "நாக்குல சனி". தேடிப் போய் வம்பை வாங்கினா, "போற சனியனைத் தூக்கிப் பனியனுக்குள்ள விட்ட கதை". பிடிக்காத வேலை முடிஞ்சா "விட்டுது சனியன்". சனிக்கிழமை சாவு விழுந்தா "சனிப் பிணம் தனிப் போகாது"ன்னு பாடையில கோழி கட்டுற வழக்கம் இருக்கு.

இதையெல்லாம் நான் ரசிக்கிறேன். ஒரு பிரயோகத்தை மட்டும் என்னால ஏத்துக்க முடியல. வியாபாரம் படுத்துடுச்சு, வேலை போயிடுச்சுன்னா, புதுசா வந்த மருமகளையோ அப்போதான் பொறந்த பெண் குழந்தையையோ காட்டி, "இந்தச் சனியன் வந்த நேரம்" அப்படிங்கிறது. டிபன் டப்பாவுக்காகக் கத்துற அம்மா அடுத்த நிமிஷம் மறந்துடுவாங்க, பையனும் மறந்துடுவான். ஆனா இது அந்தப் பொண்ணு மேல பழியா ஒட்டிக்கும். கணக்குப்படியே பாருங்க. ஏழரையை எண்ணுறது அவங்கவங்க ராசியிலேர்ந்து. எந்த நேரத்துலயும் 12 ராசியில 3 ராசிக்கு அது நடந்துக்கிட்டுத்தான் இருக்கும். அப்படின்னா இந்த ஊர்ல ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு இன்னைக்கு ஏழரை. அதுல ஒரு பொண்ணை மட்டும் தனியா நிறுத்தி வச்சு சனியன்னு கூப்பிட எந்த நியாயமும் இல்லை.

இந்தச் சொல்லுக்கு நல்ல இடமும் உண்டு. ஆத்திசூடியில "சனி நீராடு". சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளின்னு வழக்கமா அர்த்தம் சொல்வாங்க. அப்புறம் சனி மூலை, அதாவது வடகிழக்கு. ஐப்பசியில அந்த மூலை கறுத்தா ஊர்ல மழைன்னு சந்தோஷப்படுவாங்க. மும்பைக்கு மழை ஜூன்ல தென்மேற்கே அரபிக்கடல்லேர்ந்து வருது. அதனால இங்க பொறந்து வளர்ந்த பிள்ளைங்களுக்கு சனி மூலைன்னா அதுவும் ஏதோ கெட்ட மூலைன்னுதான் தோணும். அவங்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்க.

[திரையில்: மீண்டும் எலுமிச்சை மிளகாய்ச் சரம்]

இந்தச் சரம் சனிக்காகன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. புளிப்பும் காரமும் பிடிச்ச இன்னொருத்திக்காகன்னு ஒரு கதை இருக்கு. வாசல்லயே அதைச் சாப்பிட்டுட்டு உள்ள வராம திரும்பிப் போயிடுவாளாம். அவதான் லட்சுமிக்கு அக்கா, மூதேவி. இன்னைக்குத் திட்டா இருக்கிற அந்தப் பேருக்குக் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில்ல பல்லவர் காலத்துச் சிற்பமே இருக்கு. அடுத்த வீடியோ அவளைப் பத்தி.