அவசரமும் தொட்டிச் சாவியும்

புதுச்சேரியில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வு பெற்ற நீதிபதி ஐயா அவர்களே, நெல்லிக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் தமிழாசிரியர் அம்மா அவர்களே, மார்பில் பதக்கத்தோடு வந்து இந்தக் கூட்டத்தையே நிமிர்ந்து உட்கார வைத்திருக்கும், பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்த சொல்தா ஐயா அவர்களே, கல்லூரிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். அதில் ஏழு நிமிடம் பொன்னாடைக்குப் போய்விட்டது. குறை சொல்லவில்லை. ஆனால் என் வீட்டு அலமாரியில் பொன்னாடை வைக்க இடமில்லை, புத்தகம் வைக்க இன்னும் ஒரு தட்டு காலியாக இருக்கிறது. செயலாளர் குறித்துக்கொள்ள வேண்டும்.

தலைப்பு, போர்க்காலத்தில் குடியரசுத் தலைவரின் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்பது. அமெரிக்கா, பிரான்ஸ், இந்தியா, அப்புறம் ஐக்கிய நாடுகள் சபை என்று நாலு செய்தி குறித்து வந்திருக்கிறேன். இந்தத் தலைப்பைப் பேச நம் ஊரை விட்டால் வேறு ஊர் கிடையாது. நம்மில் பலருக்குக் குடியரசுத் தலைவர் டெல்லியில் இருக்கிறார். சொல்தா ஐயா போன்றவர்களுக்குப் பாரிஸில் இருக்கிறார். அவர் இங்கிருந்தபடியே அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிடுகிறவர்.

முதலில் அமெரிக்கா. போர் அறிவிக்கும் உரிமை அங்கே காங்கிரசுக்கு, அதாவது அவர்கள் நாடாளுமன்றத்துக்கு. படைகளின் தலைமைத் தளபதி அதிபர். எழுதும்போதே பூட்டை ஒருவரிடமும் சாவியை ஒருவரிடமும் கொடுத்து எழுதினார்கள். ஆனால் அந்த நாடு முறைப்படி போர் அறிவித்தது கடைசியாக 1942இல். பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மூன்றின் மீது. அதற்கப்புறம் கொரியா, வியட்நாம், ஈராக் என்று எத்தனை பார்த்தோம். ஒன்றுக்கும் முறையான போர் அறிவிப்பு கிடையாது.

1952இல் கொரியாவில் சண்டை நடக்கிறது. எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயார். ஆயுதத்துக்கு எஃகு வேண்டும், அவசரம் என்று அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசின் கைக்கு எடுத்துக்கொண்டார். ஜூன் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது. உனக்கு அந்த அதிகாரம் இல்லை, சட்டம் இயற்றுவது காங்கிரசின் வேலை என்றது. ஆலைகள் திரும்பிப் போயின. வேலைநிறுத்தமும் ஐம்பது நாளுக்கு மேல் நடந்தது. அதனால் கொரியாவில் அமெரிக்கா தோற்றுப்போனதா? இல்லையே. எங்கள் அம்மா சொல்வார், "பதறாத காரியம் சிதறாது." ட்ரூமனுக்கு அந்த மாதிரி ஓர் அம்மா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

வியட்நாமில் பட்ட பிறகு 1973இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதிபர் நிக்சன் மறுத்தார். அவர் மறுப்பையும் தள்ளிவிட்டு நிறைவேற்றினார்கள். படையை அனுப்பினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்குச் சொல்ல வேண்டும், ஒப்புதல் இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும். நல்ல சட்டம். 2011இல் லிபியா மீது குண்டு விழுந்துகொண்டிருக்கிறது, 60 நாளும் தாண்டிவிட்டது. ஒபாமா தரப்பு என்ன சொன்னது தெரியுமா? இது அந்தச் சட்டம் சொல்கிற சண்டை அல்ல என்றது. மேலேயிருந்து குண்டு விழுகிறது, கீழே ஆள் சாகிறான், ஆனால் சண்டை இல்லை. நம் ஊர் வக்கீல்கள் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை. தானே புயல். கடலூர்க்காரர்களுக்கும் நமக்கும் சொல்ல வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. லாஸ்பேட்டையில் எங்கள் தெருவில் நாலு மின்கம்பம் படுத்துவிட்டது. தெருவுக்குப் பொதுவாக ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு சின்டெக்ஸ் தொட்டி. மாடிவீட்டு அண்ணனிடம் மட்டும் ஜெனரேட்டர் இருந்தது. தொட்டியைச் சுற்றியிருந்த கம்பிக் கதவின் சாவியை, "அண்ணே, நீங்களே பார்த்துக்குங்க" என்று நாங்களாகவே கொண்டுபோய்க் கொடுத்தோம். வீட்டுக்கு நாலு குடம் என்று கணக்கு. தங்கமான மனிதர், டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகம் வந்தது. பெயர், குடம், கையெழுத்து. ஆறாம் நாள் கழுத்தில் விசில். ஒன்பதாம் நாள், விசிலுக்கு அப்புறம் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கிடையாது என்று சட்டம். என் அம்மா மூட்டுவலியோடு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கதவு சாத்தியாயிற்று. அம்மா ஒன்றும் பேசவில்லை. வெறுங்குடத்தோடு திரும்பி வந்து அந்தப் பழமொழியைத்தான் சொன்னார், "பதறாத காரியம் சிதறாது." பதறிப்போய்ச் சாவியை நீட்டியவர்களில் நானும் ஒருவன்.

பன்னிரண்டாம் நாள் கரண்ட் வந்தது. சாவி வரவில்லை. கேட்டோம். "மறுபடி புயல் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். சாவி அரைஞாண் கயிற்றில் ஆடுகிறது. போகி அன்று அவர் சாவியோடு வில்லியனூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு வீடு கழுவ அவர் வீட்டிலேயே தண்ணீர் இல்லை. அண்ணன் மனைவி, அந்த அக்கா, பார்த்தார். உள்ளே போய் அம்மிக்குழவியைத் தூக்கி வந்தார். மூன்றே அடி. பூட்டு ஒரு பக்கம், கொக்கி ஒரு பக்கம். முதலில் தன் குடத்தை நிரப்பிக்கொண்டு, அப்புறம் எங்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? பிடிங்க" என்றார்.

சாயங்காலம் அண்ணன் வந்து, "எவன்டா உடைச்சது?" என்று தெருவே அதிரக் கத்துகிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் வருகிறது: "நான்தான். கரண்டு வந்து மூணு நாளாச்சு, உங்களுக்குத் தெரியாதா?" மறுநாள் காலை அண்ணன் தானே ஒரு குடத்தோடு வரிசையில் கடைசியில் நின்றார். விசில் அவர் பேரன் கழுத்தில்.

பிரான்சுக்கு வருகிறேன். சொல்தா ஐயா அப்போது பிரான்சின் கையில் இருந்த அல்ஜீரியாவில் இருந்தவர், தவறு இருந்தால் திருத்தட்டும். 1961 ஏப்ரலில் அங்கே சில தளபதிகள் கலகம் செய்தார்கள். 23ஆம் தேதி அதிபர் டி கோல் அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவை எடுத்தார். எல்லா அதிகாரமும் அதிபர் கையில். கலகம் நாலைந்து நாளில் அடங்கிவிட்டது. 16ஆவது பிரிவு எப்போது இறங்கியது? செப்டம்பர் 29. சாவி ஐந்து மாதம் அரைஞாணில் ஆடியது. 2008இல்தான், முப்பது நாள் கழித்து அறுபது உறுப்பினர் சேர்ந்தால், இது இன்னும் தேவையா என அரசியலமைப்பு மன்றத்தைக் கேட்கலாம் என்று திருத்தினார்கள். அம்மிக்குழவிக்குச் சட்டத்தில் இடம் கொடுக்க அவர்களுக்கு நாற்பத்தேழு வருஷம் ஆனது.

நம் நாட்டில் முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம். ஆனால் அமைச்சரவை சொல்கிறபடிதான் அவர் நடக்க வேண்டும். 1962 அக்டோபர் 26 அன்று சீனப் போருக்காக நெருக்கடி நிலை வந்தது. சண்டை நவம்பர் 21இல் நின்றது. நெருக்கடி நிலை 1968 ஜனவரி 10 வரை நீண்டது. நடுவில் 1965 பாகிஸ்தான் போர் வந்தது, அதையும் சொல்வதுதான் நியாயம். ஆனாலும் ஐந்து வருஷத்துக்கு மேல். 1975 ஜூன் 25 இரவு இன்னொரு நெருக்கடி நிலைக்குக் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டார், அமைச்சரவை மறுநாள் காலையில்தான் கூடியது. அதனால்தான் 1978இல் 44ஆவது திருத்தம் வந்தது. அமைச்சரவை முடிவு எழுத்தில் வர வேண்டும், ஒரு மாதத்தில் நாடாளுமன்றம் ஏற்க வேண்டும், உயிர் வாழும் உரிமையைத் தொடக் கூடாது. நீதிபதி எச்.ஆர். கன்னா 1976இல் தனியாளாக எழுதிய மாறுபட்ட தீர்ப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். செயலாளர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார்.

சரி, நீ எதைப் பேசினாலும் கடைசியில் மாநிலத் தகுதிக்குத்தான் வருவாய் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். வருகிறேன். வராமல் எங்கே போவது?

மற்ற ஊர்க்காரர்களுக்குக் குடியரசுத் தலைவரின் நேரடி அதிகாரம் என்பது நெருக்கடிக்காலக் கேள்வி. நமக்கு அது திங்கட்கிழமைக் கேள்வி. அரசியல் சட்டம் 239ஆவது பிரிவைப் பாருங்கள். நம்முடையது போன்ற யூனியன் பிரதேசத்தைக் குடியரசுத் தலைவர் தன் நிர்வாகி மூலம் ஆள்கிறார். நமக்கு அந்த நிர்வாகி துணைநிலை ஆளுநர். 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டம், 44ஆவது பிரிவு. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய அமைச்சர்களுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபட்டால், விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும். பதில் வரும்வரை, அவசரம் என்று ஆளுநர் கருதினால் அவரே செய்துகொள்ளலாம். அவசரம்! ட்ரூமன் சொன்ன அதே வார்த்தை. இங்கே எந்த எல்லையில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது? இன்றைக்கு அந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதல்ல என் பேச்சு. நாளைக்கு மகாத்மாவே வந்து உட்கார்ந்தாலும் அந்த வரி அங்கேயேதான் இருக்கும்.

1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் நம் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், மறுத்தவர் 8 பேர். எண்ணிப் பார்த்து, எழுதி வைத்து, பதறாமல் செய்த காரியம். அந்த ஊர்க்காரனிடம் இன்றைக்கு, உன் சட்டமன்றம் ஒன்று சொல்லும், ஆனால் டெல்லியைக் கேட்டுவிட்டுத்தான் என்கிறார்கள். மாநிலத் தகுதி வேண்டும் என்று நம் பேரவை எத்தனை தீர்மானம் போட்டுவிட்டது! கட்சி பேதம் பார்க்காமல் போட்டார்கள்.

ஐக்கிய நாடுகள் சபை அடுத்த முறை.

வெளியே போகும் வழியில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறது. மனுவில் கையெழுத்துப் போடும் தாள்கள் இருக்கின்றன. முழுப்பெயர், தொகுதி, கையெழுத்து. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் தனித்தாளில் போடுங்கள், இல்லாவிட்டால் எண்ணும்போது குழப்பம் வரும். பேனா இரண்டுதான் வாங்கினேன், நூல் கட்டியிருக்கிறது, இழுத்து அறுத்துவிடாதீர்கள். டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். வணக்கம்.