6,500 ரூபாய் பைனாகுலரும் அப்பாயியை ஏமாற்றிய வெள்ளியும்

வணக்கம் மக்களே. முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், கதையெல்லாம் அப்புறம். நாலாவது புள்ளி வந்துவிட்டது! பைனாகுலரில் வியாழன் கிரகத்துக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிதான் தெரிகிறது என்று போன வீடியோவில் சொன்னதற்கு, "கண் டொக்டரிடம் போங்க அக்கா" என்று கொமெண்ட் போட்ட தம்பிக்குத்தான் இந்தச் செய்தி. நேற்று இரவு நாலு. எண்ணி, திரும்ப எண்ணி, தங்கச்சியையும் எழுப்பி எண்ணச் சொன்னேன். அவளும் நாலு என்றாள். தூங்க விட்டால் போதும் என்று சொன்னாளோ தெரியாது, ஆனால் நாலு என்றாள்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்து பேசுகிறேன். எங்கள் வாசலில் நின்றால் சிவனொளிபாத மலை நேரே தெரியும். இப்போது யாத்திரை சீசன், மலைப் படிக்கட்டு விளக்குகள் இரவெல்லாம் எரிகின்றன. பைனாகுலரைச் சரிசெய்யப் பழகியதே அந்த விளக்குகளில்தான். இடது கண்ணுக்கு நடுச் சக்கரம், வலது கண்ணுக்கு அந்தக் கண்ணாடியிலேயே தனியாக ஒரு திருகு. அந்தத் திருகு ஒன்று இருப்பதே தெரியாமல் ஒரு கிழமை முழுக்க எல்லாவற்றையும் மங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, விலை. எல்லாரும் கேட்டீர்கள். ஹட்டனில் பழைய சாமான் விற்கும் ஒரு கடை. பத்துக்கு ஐம்பது என்று எழுதியிருந்தது, அதாவது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி ஐம்பது மில்லிமீட்டர். கடைக்காரர் 9,000 என்றார். நான் 5,000. அவர் சிரித்தார். "அண்ணே, இதில் ஒரு பக்கம் மூடியே இல்லையே" என்றேன். 8,000 ஆனது. "பூஞ்சணம் பிடித்திருக்கிறது" என்றேன், உண்மையில் அது தூசு. 7,500. நான் வெளியே போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, அந்த வழியாக ஏதோ வேறு வேலைக்குப் போகிறவளைப் போல மறுபடி கடந்து போனேன். அவரே கூப்பிட்டார். 6,500! மாணவர்களுக்கென்று விற்கும் மலிவான டெலஸ்கோப்பை வாங்கியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். ஆடுகிற முக்காலியும் மங்கல் கண்ணாடியும் எனக்குப் பிடிக்காது, பேச்சை விடுங்கள்.

ஆனால் ஒரு பிரச்சினை. பத்து மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகும். வியாழன் நெருப்புக்குச்சியால் கோடு கிழித்த மாதிரி ஓடியது. முக்காலி வாங்க என்னிடம் காசில்லை. கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? வீடு கூட்டுகிற தும்புத்தடி! தலைகீழாக நிறுத்தி, தும்புப் பக்கம் மேலே, அதன்மேல் பைனாகுலரை வைத்து, பழைய சைக்கிள் டியூபை அறுத்துக் கட்டினேன். தடியின் அடி தரையில், கண்ணாடி என் கண்ணில். அப்படியே நின்றுவிட்டது மக்களே. பாறை மாதிரி.

அப்போதுதான் அந்தப் புள்ளிகள். கலிலியோ 1610 ஜனவரி 7ஆம் திகதி பார்த்ததும் மூன்றுதான். நட்சத்திரம் என்று நினைத்தார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின, 13ஆம் திகதி நாலாவதும் வந்தது. நாலும் வியாழனின் நிலாக்கள்: அயோ, யூரோப்பா, கனிமீட், கலிஸ்டோ. வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ ஒன்று போய்விட்டால் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் விசயம். அயோ இரண்டு நாள்கூட எடுக்காமல் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. ஆக, தம்பி, கலிலியோவையும் கண் டொக்டரிடம் அனுப்புங்கள்.

இதில் எனக்குப் பெரிய சந்தோசம் கலிலியோ இல்லை, எங்கள் அப்பாயி. விடிவெள்ளி பார்த்து எழும்பின கதையை அப்பாயி முன்பே ஒரு வீடியோவில் சொன்னார், ஞாபகம் இருக்கும். வீட்டில் மணிக்கூடு இல்லாத காலம். வேலைக்கு எழுப்பத் தப்பு மேளம் அடிப்பதற்கு முன்னாலேயே எழும்பி, தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைத் தயார்ப்படுத்திவிட்டுப் பெரட்டுக்களத்துக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும். விடிவெள்ளி எதிர் மலைக்கு மேலே வந்தால் எழும்ப நேரம். ஆனால் விடிவெள்ளி வருசம் முழுக்க விடியலில் நிற்பதில்லை. எட்டு மாதம் போல விடியலில் தெரியும், அப்புறம் சூரியனுக்குப் பின்னால் மறைந்து, அந்திப் பக்கம் போய்விடும்.

அப்படி அது அந்திக்குப் போயிருந்த ஒரு காலத்தில், எதிர் மலைக்கு மேலே பளபளவென்று ஒரு வெள்ளி. அப்பாயி எல்லாரையும் எழுப்பி, ரொட்டியும் சம்பலும் செய்து, கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போனால், அங்கே ஒரு நாய்தான் இருந்ததாம். இரண்டு மணி நேரம் அந்த நாயோடு உட்கார்ந்திருந்தார். கங்காணி வருசக் கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

அந்தக் கள்ள வெள்ளி என்னவென்று நான் விசாரித்தேன். மினுக்கியதா? இல்லையாம். அப்படியானால் நட்சத்திரம் இல்லை. சிவப்பா? இல்லை, வெள்ளைதான். அப்படியானால் செவ்வாயும் இல்லை. மிஞ்சியது வியாழன். எங்கள் அப்பாயியை ஏமாற்றிய ஆளைத்தான் நான் தும்புத்தடியில் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயோ, ஒன்றை மறந்துவிட்டேன். துருவ நட்சத்திரத்தைக் காட்டச் சொல்லி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். முடியாது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறோம், அதனால் அது அடிவானத்துக்கு மேலே ஏழு பாகைதான் ஏறும். கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் அந்தக் கைமுட்டி ஏறக்குறைய பத்து பாகை, அந்த உயரம்கூட இல்லை. எனக்கு வடக்கே இருப்பது ஒரு தேயிலை மலை. ஆனால் திரிசங்கு தெரியும்! சித்திரை, வைகாசியில் தெற்கே நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி நிற்கும். தூர வடக்கு நாடுகளில் இருக்கிறவர்கள் பலருக்குக் கிடைக்காத காட்சி அது.

இப்போது தெற்குப் பக்கமும் கெட்டுவிட்டது, அது வேறு எரிச்சல். கீழே ஒரு தங்குமிடத்தில் புதிதாக வெள்ளை விளக்கு போட்டிருக்கிறார்கள், ஒளியை மேல்நோக்கி அடிக்கிறது. யாருக்கு அந்த வெளிச்சம்? வௌவாலுக்கா? நட்சத்திரம் பார்க்க வாருங்கள் என்று அவர்களே பலகையும் வைத்திருக்கிறார்கள்.

சரி, நீங்கள் அதிகம் கேட்ட கேள்வி. "காசு இருந்தால் விண்வெளிக்குப் போவீர்களா அக்கா?" புளூ ஒரிஜின் நிறுவனம் ரொக்கெட்டில் கூட்டிப்போன அந்தப் பதினொரு நிமிடப் பயணமா, எனக்குப் பிடிக்கவே இல்லை. நூறு கிலோமீட்டரைத் தொட்டு, மூன்று நாலு நிமிடம் மிதந்து, இறங்கிவிட்டார்கள். நூறு கிலோமீட்டர்! ஹட்டன் பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர்கள் அதைவிடத் தூரம் போகிறார்கள், அதுவும் பாதி வழி நின்றுகொண்டு.

விலையைக் கேளுங்கள். இதே மாதிரிக் குறும்பயணம் நடத்திய இன்னொரு நிறுவனம், வேர்ஜின் கெலக்டிக், ஒரு டிக்கெட்டை 450,000 டொலருக்கு விற்றது. டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 13 கோடியே 50 லட்சம். தோட்டத்து அடிப்படை நாட்சம்பளத்தை 2024இல் 1,350 ரூபாய் ஆக்கினார்களே, அதால் வகுத்துப் பார்த்தேன். சரியாக ஒரு லட்சம் நாள்! மீதியே இல்லை, மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். வருசத்துக்கு 300 நாள் வேலைக்குப் பேர் விழுந்தாலும் 333 வருசம். இங்கே முதல் தேயிலைத் தோட்டத்தை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் போட்டதே 1867இல்தான். அதாவது, முதல் கொழுந்து பறித்த நாளில் இருந்து ஒரு சதம்கூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் இன்னும் பாதித் தூரம்கூட வரவில்லை.

ஆனால் டென்னிஸ் டிட்டோவை எனக்குப் பிடிக்கும். 2001 ஏப்ரலில் சொந்தக் காசில் விண்வெளிக்குப் போன முதல் ஆள். இரண்டு கோடி டொலர் கொடுத்தார் என்று சொல்வார்கள். இளம் வயதில் அமெரிக்காவில் விண்கலங்கள் போகும் பாதையைக் கணக்குப் போட்ட பொறியியலாளர் அவர். அறுபது வயதில் ரஷ்யாவில் பயிற்சி எடுத்து, சோயுஸ் விண்கலத்தில் ஏறி, கிட்டத்தட்ட எட்டு நாள் இருந்துவிட்டு வந்தார். அவர் எதற்குப் போனார் என்று எனக்கு விளங்குகிறது.

அவர் போய்த் தங்கிய சர்வதேச விண்வெளி நிலையம் போன செவ்வாய்க்கிழமை நம் தலைக்கு மேலே போனதே, பார்த்தீர்களா? சூரியன் விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபின், தென்மேற்கில் எழும்பி, மினுக்காமல் ஓடி, நடுவானத்தில் திடீரென்று அணைந்தது. அணைந்தது என்றால் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. 400 கிலோமீட்டர் உயரம், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. பக்கத்துக் காம்பிராப் பிள்ளைகள் கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.

அப்புறம், நம் லயத்துக் கூரை டிஷ்கள் மல்லாந்து படுத்திருப்பது ஏன் என்று கேட்டவருக்கு: டிவி நிகழ்ச்சி அனுப்பும் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 36,000 கிலோமீட்டரில் நிற்கின்றன. நாம் ரேகைக்குக் கிட்ட இருப்பதால் நமக்கு அவை கிட்டத்தட்ட உச்சியில். அந்த உயரத்தில் மூன்று நிலையங்கள் வைத்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956இல் இலங்கைக்கு வந்து, சாகும்வரை இங்கேதான் இருந்தார். நாடகம் பார்க்கிற அத்தைமார் அவருக்கும் ஒரு விளக்கு வைக்கலாம். நம் முதல் செய்மதி இராவணா-1 இருக்கிறதே, 2019 ஜூனில் அந்தச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்துதான் வெளியே விட்டார்கள். ஒரு கிலோ சொச்சம், ஒரு சீனிப் பொட்டலம் அளவு. புஷ்பக விமானக்காரன் பெயர் அதற்கு.

சரி, கடைசியாக நேற்றைய கதை. நாலு புள்ளி தெரிந்ததும் அப்பாயியைக் கம்பளியோடு வாசலுக்குக் கூட்டி வந்தேன். முதலில் கொடியில் காய்ந்த சட்டையைப் பார்த்தார். அப்புறம் கூரையை. அப்புறம் பேச்சே இல்லை, நீண்ட நேரம். "இதுக்கு நாலு குஞ்சு இருக்கேடி. அன்னைக்கு இந்தக் கண்ணாடி இருந்திருந்தா நான் போயி அந்த நாயோட உக்காந்திருப்பேனா?" என்றார். அப்புறம் விலை கேட்டார். 3,000 என்று சொல்லிவைத்திருக்கிறேன். இந்த வீடியோவை யாரும் அவருக்குக் காட்டிவிடாதீர்கள்.

மஞ்சு இறங்குகிறது மக்களே, மலை விளக்குகூட மறைந்துவிட்டது. உள்ளே வாசல் கூட்டத் தும்புத்தடியைத் தேடுகிற சத்தம் கேட்கிறது. நான் போய் சைக்கிள் டியூபை அவிழ்க்க வேண்டும்.