முகத்துக்கு நேரே சொல்லும் அன்பு

நடுவர் அய்யா அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் திருப்பூர் மக்களுக்கும் வணக்கமுங்க. "மாயமற்ற அன்பு விளங்குவது அரவணைப்பிலா, கடிந்துரைப்பிலா?" என்பது இன்றைய தலைப்பு. மாயமற்ற அன்பு என்றால் வேஷமில்லாத அன்புங்க. கடிந்துரைப்பில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு காப்பாற்றியதை உருக்கமாகச் சொன்னார்கள். "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். வசனம் அங்கே முடியவில்லையே அக்கா! "நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே" என்று தொடர்கிறது. உயிரைக் காத்தவரேதான் இதையும் சொல்கிறார். கல்லோடு நின்ற கூட்டத்தையும் அவர் சும்மா விடவில்லை. உங்களில் பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்றார். அதைவிடப் பெரிய கண்டிப்பு உண்டா?

பைபிளில் ரோமர் 12:9-ஐப் பாருங்கள். "உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக" என்ற கையோடு, "தீமையை வெறுத்து" என்கிறார் அப்போஸ்தலர் பவுல். பிறனை உன்னைப்போல நேசி என்ற கட்டளை லேவியராகமம் 19:18-இல் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம் என்ன? மனசுக்குள் பகையை வைத்துக்கொள்ளாதே, அவனைக் கடிந்துகொள் என்பது. நம்ம வள்ளுவரும் நட்பைப் பற்றி அதைத்தான் சொன்னார்: "நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு."

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நொய்யல் ஆற்றைப் பற்றி இந்த மேடையில் பேசாமல் போனால் என் மனசு ஆறாது. அதன் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் பாசனத்துக்காகத் திறந்தார்கள். அதில் வந்து தேங்கியது நம்ம திருப்பூர்ப் பட்டறைகளின் சாயக்கழிவு. கீழே இருந்தவர்களின் கிணறு கெட்டது, தோட்டம் கெட்டது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அன்றைக்கு வேலை இழந்து நின்றது யார்? பட்டறையில் கூலிக்கு நின்ற நம்ம ஜனம்தானே. ஒரு முதலாளியோடு கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிறோம். அவர் வீட்டு விசேஷத்துக்குப் போய் மொய் வைத்துச் சாப்பிடுகிறோம். "அண்ணா, இந்தத் தண்ணியை ஆத்துல விடாதீங்க, கீழே இருக்கிறவனும் நமக்குப் பிறன்தானுங்களே" என்று மட்டும் சொல்லமாட்டோம். உறவு கெட்டுவிடுமாம்! நீதிபதி சொல்லும் வரைக்கும் ஒரு மனிதனைத் தப்பில் விட்டுவைப்பதற்கு அன்பு என்று பேர் வைக்க நான் தயாரில்லை.

கல்யாணத்தையும் பாருங்கள். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிறோம். தடை இருந்தால் சொல்லுங்கள் என்கிறார் ஆயர். பவுனுக்காகப் பெண்ணின் அப்பா தோட்டத்தை அடமானம் வைத்தது பாதிச் சபைக்குத் தெரியும். யாராவது வாயைத் திறக்கிறோமா? மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரிடம் போய், "மாமா, இது நியாயமில்லீங்க" என்று ஒருவர் சொல்லியிருந்தால், அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய கல்யாணப் பரிசு வேறென்ன?

அதுக்காக வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ஒருத்தர் மானத்தை வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. மத்தேயு 18:15 தெளிவாகச் சொல்கிறது: நீயும் அவனும் தனியாக இருக்கும்போது குற்றத்தை எடுத்துச் சொல். அவன் கேட்டால் உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய். ஜெயிப்பதற்காகப் போவதில்லை, அவனை இழக்க மனசில்லாமல் போவது.

கடைசியாகப் பைபிளில் வரும் அந்தியோகியா பட்டணத்துக்கு வருகிறேன். யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தவர் இயேசுவின் சீடர் பேதுரு. எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகினார். பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே எதிர்த்தார். ஊரறிய நடந்த தப்பு, ஊரறியவே பதில். டீக்கடையில் சாதிக்கொரு டம்ளர் வைத்த மண்ணுங்க இது. அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே கடைக்காரரிடம் சிரித்துப் பேசி டீ குடித்துவிட்டு வருவது கனிவா? தனி டம்ளரில் வாங்கிக் குடித்தவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தியோகியாவில் பவுல் வாயை மூடிக்கொண்டிருந்தால், விலக்கி வைக்கப்பட்டவர்களுக்கு அவருடைய அன்பு எதற்கு உதவியிருக்கும்?

இடித்துரைத்தால் உறவு முறியும் என்றார் எதிரணித் தம்பி. அவ்வளவு பேச்சு வாங்கிய அந்தப் பேதுருவின் பேரில் உள்ள இரண்டாம் நிருபம், மூன்றாம் அதிகாரம், 15-ஆம் வசனத்தை எடுத்துப் படியுங்கள் தம்பி. அங்கே பவுலை அழைப்பது "நமக்குப் பிரியமான சகோதரன்" என்று. இதற்கு உங்கள் அணி பதில் சொல்லட்டும். வணக்கமுங்க.